மலைக்காட்டுக்கு வண்டி: கியர் ராடா, தொடுதிரையா?

ஏற்காட்டிலோ கொடைக்கானல் கீழ்மலையிலோ கூடலூர்ப் பக்கமோ கொஞ்சம் நிலம் வாங்கியவர்கள், முதல் மழைக்காலம் முடிவதற்குள் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி தேட ஆரம்பித்துவிடுவார்கள். தார் ரோடு முடிந்து கடைசி நாலைந்து கிலோமீட்டர் செம்மண்ணும் உருளைக் கல்லும்தான் என்றால் சாதாரணக் காருக்கு அடி தட்டும், ஏற்றத்தில் முன் சக்கரம் சும்மா சுற்றும். தேட ஆரம்பித்தவுடன் குழப்பமும் ஆரம்பிக்கும். ஒரு பக்கம் ஃபோர்ஸ் கூர்க்கா, மாருதி ஜிம்னி, செகண்ட் ஹேண்டில் ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப். இன்னொரு பக்கம் லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா லேண்ட் குரூஸர் 300 என்று கோடியைத் தொடும் அல்லது தாண்டும் வண்டிகள். நடுவில் மஹிந்திராவின் தார் ராக்ஸ், ஸ்கார்பியோ என் மாதிரி, உடம்பு முரட்டு வண்டியாகவும் உள்ளே திரையும் சென்சாரும் நிறைந்ததாகவும் இருப்பவை.

இதில் எதை எடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு பொய்யை ஒதுக்கிவிட வேண்டும். "பழைய வண்டிதான் மலை ஏறும், புதுசெல்லாம் ஊருக்குள் காட்டிக்கொள்ளத்தான்" என்று பலர் சொல்வார்கள், அது உண்மை இல்லை. பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரி 29 அன்று இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் நிறுத்தப்பட்டது. அது ஐம்பது சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொன்னது. 2019இல் அறிமுகமான புதிய டிஃபெண்டருக்கு அதே கணக்கு தொண்ணூறு சென்டிமீட்டர். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கும் அதன் ஏர் சஸ்பென்ஷனை முழுக்கத் தூக்கினால் அடி இடைவெளி 29 சென்டிமீட்டர் வரை கிடைக்கும், கூர்க்காவுக்கு 23.3, மஹிந்திரா தாருக்கு 22.6, ஜிம்னிக்கு 21. திறமையை மட்டும் எடை போட்டால் புது வண்டி ஜெயிக்கிறது, அதிலும் ஓட்டுபவர் புதியவராக இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

(இந்த எண்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கூர்க்கா, ஜிம்னி போன்றவற்றில் முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்ஸில், ஒரு சக்கரம் கல் மேல் ஏறினால் ஆக்ஸிலும், இரு பக்கத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் அதோடு சேர்ந்து மேலே எழும்பும். தனித்தனி சஸ்பென்ஷன் வைத்த வண்டியில் சக்கரம் மட்டும் மடங்கி மேலே போகும், வண்டியின் வயிறு கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதனால் ஷோரூமில் காட்டும் இடைவெளி கல்பாதையில் அப்படியே கிடைக்காது.)

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த வண்டிகளுக்குள் இருக்கும் வேறுபாடு விளங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் தொங்கும் சக்கரம் வேகமாகச் சுற்றும், தரையில் இருப்பது அசையாது. கூர்க்காவில் அதற்காக முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லாக் இருக்கிறது. லிவரை இழுத்தால் இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். ஜிம்னியில் பூட்டு கிடையாது, சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து இழுவையை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. பெரும்பாலான தோட்டப் பாதைக்கு இது போதும், ஆனால் ஒரே சேற்றில் வெகுநேரம் போராடினால் பிரேக் சூடாகும். டிஃபெண்டரில் பிரேக், நடு டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் லாக், ஆக்ஸிலரேட்டர், கியர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் சேறா, மணலா, கல்லா என்று சொன்னால் போதும், சில நேரம் அதுகூடச் சொல்ல வேண்டாம்.

கூர்க்கா ஓட்டுபவர் லாக்கை எப்போது போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு இல்லை, அதற்கு முன்னாலேயே. கெட்டித் தரைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் திரும்பாது, ஆக்ஸில் உடையும். இதை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொள்ளலாம், கற்றவர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் உங்கள் வீட்டில் வேறொருவரும் இதே வண்டியை ஓட்டப்போகிறார் என்றால் அவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு விஷயத்தில் சொகுசு வண்டிக்குத் தெளிவான வெற்றி, இதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. ஜிம்னி, கூர்க்கா, தார் எல்லாம் தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவை தருபவை. முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் போட்டு ஓட்டக் கூடாது, வளைவில் முன் பின் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடக்கும் ரோட்டில் ஏறும்போது இவற்றைப் பெரும்பாலும் பின் சக்கர இழுவையில்தான் ஓட்டுவீர்கள். டிஃபெண்டர் மாதிரி எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அந்தக் கவலையே இல்லை.

சரி, இவ்வளவு நல்லது என்றால் பணம் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புதியதை எடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் நான் நிற்கிறேன். வண்டி நன்றாக இருக்கும்போது என்ன செய்யும் என்பதை வைத்து ஒப்பிடுவது பாதி ஒப்பீடுதான். ஒரு பாகம் செத்தால் அதோடு சேர்ந்து எவ்வளவு சாகும் என்பதுதான் மீதிப் பாதி, மலையில் நிலம் வைத்திருப்பவருக்கு அதுதான் பெரிய பாதி.

பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட மின்சாரமே வேண்டாம். பம்ப் டீசலை அழுத்தித் தள்ளுகிறது, அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் அது எரிகிறது, நிறுத்த ஒரு கேபிளை இழுக்கிறோம், அவ்வளவுதான். டைனமோ செத்துவிட்டால் ஹெட்லைட் போகும், ஹாரன் போகும், ஆனால் பகல் வெளிச்சத்தில் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். பேட்டரியே இறங்கிவிட்டாலும் சரிவில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். லீஃப் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் மரக்கட்டையை வைத்துக் கட்டி மெதுவாக இறக்கலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் போக வழி இருப்பதோ கேரளப் பக்கம். ரோடு என்று சொல்ல முடியாத அந்தக் கல்குவியலில் தினமும் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற அந்த ஜீப்புகளின் ஓட்டுநர்களே பாதி மெக்கானிக்குகள்.

இன்னும் வடக்கே போனால் டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங் என்ற ஊர். அங்கிருந்து 3636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூ வரை 1950களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போயிருக்கின்றன. பலவற்றில் அசல் இன்ஜின் இல்லை, இந்திய டீசல் இன்ஜினைப் பொருத்திவிட்டார்கள். இதை நான் ஏமாற்று வேலையாகப் பார்க்கவில்லை, அந்த வண்டியின் மிகப் பெரிய குணமே இதுதான். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியத் தகட்டை மடித்துப் பாடி செய்திருந்தார்கள். தகடு, போல்ட், சேஸிஸ். எந்த ஊர்ப் பட்டறையும் கழற்றி மாட்டலாம், இன்ஜினை மாற்றினால் கியர் பாக்ஸ் கேள்வி கேட்காது.

புது சொகுசு வண்டியில் ஒன்று மாறினால் மற்றது கேள்வி கேட்கும். புதிய டிஃபெண்டரில் எண்பதுக்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இந்த மாதிரி வண்டிகளில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே சம்பந்தமே இல்லாத நாலு எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஏர் சஸ்பென்ஷனில் காற்றுப் பை கிழிந்தாலோ கம்ப்ரஸர் நின்றாலோ வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும், அப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 29 சென்டிமீட்டர் உங்களிடம் இருக்காது. பல பாகங்களைப் புதிதாக மாட்டினால் கம்பெனி மென்பொருளில் இணைத்தால்தான் வேலை செய்யும். அந்த மென்பொருளும் கற்றுத் தேர்ந்த ஆளும் பெருநகரத்தில் இருப்பார்கள். உங்கள் வண்டி தாண்டிக்குடியிலோ கோத்தகிரியிலோ நிற்கும், பழுதான வண்டியை ஏற்றிப்போகும் ஃபிளாட்பெட் லாரி அந்த மண்பாதையில் ஏறாது.

அதற்காக எலக்ட்ரானிக்ஸ் எல்லாமே கெட்டது என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வண்டியில் இருக்கும் ஒவ்வொரு வசதியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது செத்தால் வண்டி நகருமா? ஏ.பி.எஸ். செத்தால் பிரேக் இருக்கும், வழக்கமான பிரேக்காக இருக்கும். வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் செத்தால் வண்டி பழைய வண்டி மாதிரி ஓடும். ஏர்பேக் சென்சார் பழுதானால் விளக்கு எரியும், வண்டி நிற்காது. இவையெல்லாம் பக்கத்தில் நின்று உதவுபவை. ஆனால் கியர் ராடுக்குப் பதில் வெறும் மின் சுவிட்ச், கைப்பிரேக்குக்குப் பதில் பொத்தான், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை, சாவிக்குப் பதில் போனில் ஓர் ஆப் என்று இருந்தால், அவை வழியின் நடுவில் நிற்பவை, அவை செத்தால் நீங்களும் நிற்பீர்கள். முதல் வகையை விலை பார்க்காமல் வாங்குங்கள். இரண்டாவது வகையை, நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு குறைவாக வாங்குங்கள்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி லேண்ட் குரூஸர் 70. 1984இல் வந்தது, ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் ஆப்பிரிக்காவின் நிவாரணப் பணிகளிலும் இன்றும் ஓடுகிறது. 2016இல் அதன் சிங்கிள் கேப் மாடலுக்குக் கூடுதல் ஏர்பேக்குகளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்த்து, ஆஸ்திரேலியாவின் ஏ.என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கினார்கள். கியர் ராடும் முழு ஆக்ஸிலும் பின் பக்க லீஃப் ஸ்பிரிங்கும் அப்படியே இருந்தன. எளிமையான வண்டி என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது இந்தியாவில் விற்பனைக்கு இல்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பழைய ஜீப், ஜிப்ஸி மேல் ஆசை உள்ளவர்களிடம் இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது, பின்னால் நீளவாட்டு சீட்டில் உட்காருபவர்களுக்குப் பெரும்பாலும் பெல்ட் கிடையாது. தோட்டத்துக்குள்ளேயே மணிக்கு இருபது கிலோமீட்டரில் சுற்றும் வண்டிக்கு இது பரவாயில்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்கு வழிச் சாலையில் இருநூறு கிலோமீட்டர் வந்து அப்புறம் மலை ஏறப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். யோசித்துப் பார்த்தால் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து போய்வருபவருக்குப் பயணத்தில் தொண்ணூற்றைந்து விழுக்காடு நல்ல ரோடுதான். அந்தத் தூரத்தில் சத்தம், வெக்கை, இடுப்பு வலி, நேர்கோட்டில் போகாத ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்து, மலையடிவாரம் வரும்போது ஓட்டுபவர் களைத்திருப்பார். களைத்தவர் மலைப்பாதையில் ஓட்டுவது எந்த சென்சார் பழுதையும்விட ஆபத்து.

டீசல் விஷயம் தனி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு விற்கும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய வேண்டுமானால் புகைக்குழாய் நன்றாகச் சூடாக வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் விடாமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் நடுவே தினம் மூன்று நான்கு கிலோமீட்டர் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சக்தி குறையும், கடைசியில் ஒர்க்‌ஷாப்தான். முரட்டு டீசலா சொகுசு டீசலா என்ற பேதம் இதற்குக் கிடையாது. உங்கள் ஓட்டம் அப்படிப்பட்டது என்றால் வாரம் ஒருமுறை ஹைவேயில் அரைமணி நேரம் ஓட்டிவிடுங்கள், அல்லது பெட்ரோல் வண்டி எடுங்கள். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் டர்போ கிடையாது, இழுவை கம்மி, ஹைவேயில் லாரியைத் தாண்டக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஆனால் குடும்பக் கார்களில் போடும் இன்ஜின்தான் என்பதால் சின்ன டவுனிலும் அதைத் தெரிந்த ஆள் இருப்பார். வண்டியின் எடையும் சுமார் 1200 கிலோதான், சேற்றில் சிக்கினால் நாலு பேர் தள்ளியோ ஒரு டிராக்டர் இழுத்தோ எடுத்துவிடலாம். இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் டிஃபெண்டர் புதைந்தால் அது வேறு கதை.

டயரையும் பாருங்கள். ஜிம்னிக்கு 15 அங்குலம், கூர்க்காவுக்கு 18, டிஃபெண்டர் 110இல் வழக்கமாக வருவது 20. ஸ்டெப்னியும் போய்விட்டால் 15 அங்குல டயர் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும், 20 அங்குலக் காட்டு டயரை ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குண்டும் குழியுமான பாதையில் கை ஆடும்போது கண்ணாடிமேல் படம் தேடித் தொடுவது முடியாத காரியம், கண் ரோட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்.சி.ஏ.பி. அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையில் உணரக்கூடிய பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி மாற்றியிருக்கிறது. ஏசிக்கும், மெதுவாக அதிக இழுவையோடு ஏற வைக்கும் லோ கியருக்கும் பொத்தானோ லிவரோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இனி யாருக்கு எது. மலையிலேயே குடியிருந்து தினமும் மண்பாதையில் போய்வருபவர், வீட்டில் நாலு பேர் என்றால் ஜிம்னி. பாதை மோசம், ஓடை கடக்க வேண்டும், ஆட்கள் அதிகம் என்றால் கூர்க்கா ஐந்து கதவு. எழுபது சென்டிமீட்டர் தண்ணீர் வரை தாங்கும், இன்ஜினுக்குக் காற்றை மேலிருந்து இழுக்கும் ஸ்னார்க்கல் குழாய் கம்பெனியிலேயே வருகிறது, 2024 மாடலில் 140 குதிரைசக்தி இருக்கிறது. அதே மாடலில் ஃபோர் வீல் போடும் லிவர் போய்த் திருகு சுவிட்ச் வந்துவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை, டிஃபரன்ஷியல் லாக்குக்கு லிவரை விட்டுவைத்திருப்பது ஆறுதல். உரமூட்டையும் காப்பிக் கொட்டையும் ஏற்றத்தான் வண்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், ஃபோர் வீல் பிக்கப் எடுங்கள், பொலிரோ கேம்பரில் அது கிடைக்கிறது.

நகரத்தில் இருந்து மாதம் ஒன்றிரண்டு முறை போகிறவருக்கு நடுவில் இருக்கும் வண்டிகள்தான் சரி என்பேன். தார் ராக்ஸ் ஃபோர் வீல் மாடலில் திரையும் கேமராவும் இருக்கின்றன, பாரத் என்.சி.ஏ.பி.யில் 5 நட்சத்திரமும் இருக்கிறது, ஆனால் அடியில் சேஸிஸ், பின்னால் முழு ஆக்ஸில், சாதாரண காயில் ஸ்பிரிங். மஹிந்திரா ஒர்க்‌ஷாப் இல்லாத மாவட்டத் தலைநகரம் அரிது. டிரைவர் உதவி சென்சார்களை மண்பாதையில் அணைத்துவிட்டு ஓட்டலாம்.

டிஃபெண்டர், லேண்ட் குரூஸர் 300 வாங்கும் வசதி இருந்தால் புதிதாக வாங்குங்கள், வாரண்டி இருக்கும்வரை வைத்திருங்கள், வீட்டில் இன்னொரு வண்டியும் இருக்கட்டும். அப்படி என்றால் அதைவிட நல்ல பயண வண்டி கிடையாது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் "புது கூர்க்கா விலையில் பழைய சொகுசு வண்டி கிடைக்கிறது" என்று வாரண்டி முடிந்ததைத் தோட்டத்துக்கு வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. வாங்கும் விலை குறைந்திருக்கும், ஒரு காற்றுப் பையின் விலையும் ஒரு கணினியின் விலையும் புது வண்டிக்கு உள்ளதுதான்.

பழைய ஜிப்ஸி, ராணுவ ஏலத்து ஜீப் எடுப்பவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் சேஸிஸில் துருவும் வெல்டிங் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும், இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், பதினைந்து வருடம் தாண்டியதென்றால் எஃப்.சி. எடுத்து மறுபதிவு செய்திருக்க வேண்டும்.

எந்த வண்டியாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வேலை. டெஸ்ட் டிரைவை ஷோரூம் ரோட்டில் முடிக்காமல் உங்கள் நிலத்துப் பாதையிலேயே கேளுங்கள், கொஞ்சம் அழுத்திக் கேட்டால் சம்மதிக்கிற டீலர்கள் இருக்கிறார்கள். அப்புறம் நிலத்துக்குக் கீழே இருக்கும் ஊரின் பட்டறைக்குப் போய், நீங்கள் நினைத்திருக்கும் வண்டியின் பெயரைச் சொல்லி, இதை இங்கே திறந்து பார்த்திருக்கிறீர்களா, இதற்கு ஸ்கேனர் வைத்திருக்கிறீர்களா, கிளட்ச் பிளேட் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினால், நிலத்துக்கு என்று அந்த வண்டியை வாங்க வேண்டாம்.